வாங்க, உட்காருங்க

மார்ச் 3, திங்கள்

மூன்றாவது பெட்டியில் புழுக்கள் ஏற ஆரம்பித்துவிட்டன.

புழு அறைக்குள் நுழைந்ததும் சத்தத்தை வைத்தே தெரிந்தது. நல்ல புழுக்கள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளில் இலை மெல்லும் சத்தம் ஓயாது. பக்கத்து அறையில் யாரோ காகிதத்தைக் கசக்குவது போலவே இருக்கும். மூன்றாவது பெட்டியில் சத்தமே இல்லை. போன வாரம் அதற்கு மட்டும்தான் வைரஸ் தடவிய இலை கொடுத்தேன். இந்த வகைப் புழு பகலில் வெளியே தலைகாட்டாது. குச்சிக்கு அடியில், சருகுக்குக் கீழே பதுங்கும். இன்று ஒன்றுகூட அடியில் இல்லை. எல்லாம் குச்சிகளின் உச்சியில், விளக்கைப் பார்த்தபடி. இரண்டு ஏற்கெனவே தலைகீழாகத் தொங்கிவிட்டன. தொட்டால் தோல் கிழிந்து, உள்ளே இருப்பது கரைந்து ஒழுகும். கீழே இருக்கும் இலையில் சொட்டும். அந்த இலையை இன்னொரு புழு தின்னும்.

வைரஸுக்கு வேண்டியது அவ்வளவுதான். உயரத்திலிருந்து சொட்டினால் அதிக இலைகளில் விழும். அதற்காக ஒரு புழுவை நடக்க வைக்கிறது.

எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். இன்னும் அந்த அமைதி பழகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கதவைத் திறந்துவிட்டு, "கையைக் கழுவிட்டு உள்ள வாடி புழுக்காரி" என்றாள். தினமும் சொல்வதுதான்.

மார்ச் 4

துணி காயவில்லை. அக்காவுக்கும் எனக்கும் பால்கனிக் கொடியில் யார் துணி எங்கே என்று சண்டை. நான்தான் தோற்றேன்.

மார்ச் 6, வியாழன்

சாப்பிடும்போது அக்கா கேட்டாள், "அந்தப் புழு ஏன் ஏறுதுன்னு கண்டுபிடிச்சாச்சா?"

அவளுக்கு என் வேலையில் ஆர்வம் கிடையாது. இன்று என்னவோ கேட்டாள். சொன்னேன். வைரஸுக்குச் சொந்தமாக எதையும் செய்யத் தெரியாது. அது வெறும் செய்முறைக் குறிப்பு, ஒரு உறைக்குள் மடித்து வைத்தது. செல்லின் கதவு திறந்தால் உள்ளே போகும். போனதும் அந்தச் செல் தன் வேலையை விட்டுவிட்டு அந்தக் குறிப்பையே நகலெடுக்கத் தொடங்கிவிடும்.

அக்கா தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "குடிவந்தவன் வீட்டுக்காரனையே வேலைக்கு வெச்சுக்கறான். தன்னை மாதிரியே ஆயிரம் பேரைச் செய்யச் சொல்றான். அப்புறம் கூரையைப் பிச்சுக்கிட்டு எல்லாருமா கிளம்பிடறாங்க. இதுக்கா உனக்குச் சம்பளம்?"

சிரித்தேன். என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள். வாய்தானே அவள் பிழைப்பு. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு அவளுடையது. ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும்.

"அதுக்கு உயிர் இருக்கா இல்லையா?"

"வெளியில கிடந்தா தூசி மாதிரி. உள்ள போனா..."

"உள்ள போனா?"

"அப்ப உயிர் யாரோடதுன்னு சொல்றது கஷ்டம்."

"நல்லாப் பேசறே போ" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "முடி கருகற வாசனை வருதுல்ல?"

எனக்கு எதுவும் வரவில்லை. அடுப்பு அணைந்துதான் இருந்தது.

மார்ச் 8

மறுபடியும் அந்த வாசனை என்றாள். பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுவிட்டே வந்தாள்.

இன்னொன்று. இன்று தையல்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் மரபணுவை வெட்டி ஒட்டுகிறவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் வைரஸிலிருந்து ஒரு மரபணுவை மட்டும் கத்தரித்து எடுத்திருக்கிறார். புழுவைத் தோலுரிக்க விடாமல் தடுக்கும் மரபணு அது. அது இல்லாத வைரஸைக் கொடுத்தால் புழு ஏறுமா என்று பார்க்கப் போகிறோம். பாதி சொல்லும்போதே அக்கா கையை உயர்த்தினாள்.

"இதை நீ முன்னாடியே சொல்லிட்டே."

"இல்லைக்கா, நேத்துதான் முடிச்சாரு."

"சொன்னே. இதே இடத்துல உட்கார்ந்து. இதே சட்டை. இப்ப வாசல்ல யாரோ செருப்பை உதறுவாங்க பாரு."

யாரும் உதறவில்லை. ஆனால் இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மார்ச் 9, ஞாயிறு

காய்ச்சல். தலை பிளக்கிறது என்கிறாள். மாத்திரை கொடுத்தேன். ஜன்னல் திரையை மூடச் சொன்னாள்.

மார்ச் 10, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மாலையில் மணி அடித்தேன். அக்கா திறந்தாள். காய்ச்சல் குறைந்திருந்தது, தலை வாரியிருந்தாள். என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

"வாங்க" என்றாள். "உட்காருங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "என்னக்கா, நாடகமா?" என்று செருப்பைக் கழற்றினேன். அவள் ஒதுங்கி வழிவிட்டாள், வீட்டுக்கு வந்தவர்களுக்கு வழிவிடுவது போல. நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"அவ இப்ப வந்துருவா. ஆபீஸ்லருந்து வர நேரம்தான். நீங்க இருங்க."

"யாருக்கா?"

"என் தங்கச்சி."

நான் தண்ணீரைக் குடித்தேன். வேறு என்ன செய்வது? குடித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. குறும்பு இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "என்னடி இப்படி முழிக்கிறே, முகம் கழுவலையா?" என்றாள். பழைய குரல். நடுவில் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை.

பிறந்ததிலிருந்து அவள் என்னை 'நீங்க' என்றது இல்லை.

மார்ச் 11

அக்காவைத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். "வேலைப் பளு. வயசும் அப்படி. நல்லாத் தூங்கட்டும்" என்று தூக்க மாத்திரை எழுதினார். அக்கா அவரிடம் ஒழுங்காகப் பதில் சொன்னாள், பெயர், வேலை, என்ன கிழமை, எல்லாம். என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார் அவர்.

மத்தியானம் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினால் சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடக்கிறது. அக்கா அதன் முன்னால் நிற்கிறாள். எதையும் எடுக்கவில்லை. உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்தபடி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். வாய் எதையோ மெல்வது போல அசைகிறது. கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். திரும்பவில்லை.

இல்லை. இல்லை. இப்படி நினைக்கக் கூடாது. அது புழு, இது என் அக்கா.

ஆனா நான்தானே தினமும் அந்த ரூமுக்குள்ள போயிட்டு வரேன்? என் கை, என் பை, என் தலைமுடி. அவ சொல்வாளே, கையைக் கழுவிட்டு வான்னு.

தையல்காரருக்குப் போன் செய்தேன். அவர் சிரிக்கவில்லை, அது ஆறுதலாக இருந்தது. "அந்த வைரஸ் வேற. புழுவோட குடல்ல இருக்கற காரத்துலதான் அதோட ஓடே கரையும். மனுஷ உடம்புக்குள்ள போனா ஒண்ணும் நடக்காது. உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான எல்லாருக்கும் பாடம் எடுப்பீங்க."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"அவ விளக்கைப் பார்த்துக்கிட்டு நின்னா."

வேறு என்னவெல்லாம் இருந்தது என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: "நம்ம வைரஸ் இல்லை. அதுக்காக வைரஸே இல்லைன்னு ஆயிடாது. காய்ச்சல் வந்துச்சுன்னீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

வைத்துவிட்டு வாடகை வண்டிக்குச் சொன்னேன். வண்டிக்காகக் காத்திருக்கும்போதுதான் இதை எழுதுகிறேன். கை கழுவிக் கழுவித் தோல் எரிகிறது.

மார்ச் 12

வண்டியிலேயே வலிப்பு வந்தது.

அதற்குப் பிறகு வார்த்தைகள் போய்விட்டன. நரம்பு டாக்டர் பேனாவைக் காட்டி "இது என்ன?" என்றார். அக்கா வெகுநேரம் யோசித்து, "எழுதறவங்களோட... அது" என்றாள். கடிகாரத்தைக் காட்டினார். "இதுவும் அதுதான்."

டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னை வெளியே அழைத்துப் போய், வாசனை, முன்பே நடந்த மாதிரி தோன்றுவது, ஆளைத் தெரியாமல் போனது, எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் நடை வேகமாகிக்கொண்டே போனது. "முதுகுத்தண்டுலருந்து நீர் எடுத்து அனுப்பறோம். முடிவு வர வரைக்கும் காத்திருக்க மாட்டேன், மருந்தை இப்பவே ஆரம்பிக்கிறேன்" என்றார்.

டிரிப்ஸ் இறங்குகிறது.

மார்ச் 13

கண் திறக்கவில்லை. கை மட்டும் போர்வையைப் பிடித்து மேலே மேலே இழுக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பேருந்து நிலையத்தில் நின்றேன்.

"பயணிகளின் கவனத்திற்கு."

அக்கா.

பதிவு செய்து வைத்ததுதான், எனக்குத் தெரியும். அவள் லீவு போட்டால் அதைத்தான் ஓடவிடுவார்கள். ஆனாலும் நின்று கேட்டேன். தெளிவாக, ஒரு எழுத்துகூடத் தடுக்காமல், நடைமேடை எண், புறப்படும் நேரம், உடைமைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் அதைக் கேட்டு எழுந்து போய் வண்டியில் ஏறினார். அங்கே படுக்கையில் கிடப்பவளுக்குப் பேனா என்ற சொல் கிடைக்கவில்லை. இங்கே அவள் குரல் ஊரையே ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

என் வண்டியைத் தவறவிட்டேன். அடுத்ததற்கும் அவளே கூப்பிட்டாள்.

மார்ச் 15

முடிவு வந்துவிட்டது. பரிசோதனைக்கூடத்துப் பெண்ணிடம் நானும் இதே தொழில் என்று சொல்லிக் கெஞ்சினேன், திரையைக் காட்டினாள். முதுகு நீரில் சந்தேகப்பட்ட வைரஸின் மரபணு எழுத்துகள் கொஞ்சம் இருந்தாலும் இயந்திரம் அதைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கொண்டுவரும். இருந்தால் கோடு ஏறும். இல்லையென்றால் தரையோடு தரையாகக் கிடக்கும். நூறு முறை நானே செய்திருக்கிறேன், புழுவின் ரத்தத்தில்.

ஏறியிருந்தது.

உதட்டோரத்தில் கொப்புளம் வருமே, அதே வைரஸ். அவ்வளவு சாதாரணம். டாக்டரிடம், எப்போது வந்தது என்று கேட்டேன்.

"சின்னக் குழந்தையா இருக்கும்போதே வந்திருக்கும். யாராவது ஆசையா ஒரு முத்தம் கொடுத்திருப்பாங்க. அப்பலருந்து முகத்து நரம்போட வேர்ல படுத்திருக்கும். பாதிக்கு மேல ஜனங்ககிட்ட இருக்குங்க. உங்ககிட்டயும் இருக்கலாம்."

"இப்ப ஏன் எழுந்துச்சு?"

"பல லட்சம் பேர்ல ஒருத்தருக்கு மூளைக்குப் போகுது. ஏன் அவங்க, ஏன் இப்பன்னு யாருக்கும் தெரியாது."

அப்படியென்றால் என் கை இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் நினைத்தது வேறு. அவள் எனக்குத் தலை பின்னிவிட்டபோது, என்னோடு சண்டை போட்டபோது, ஒலிபெருக்கியில் பேசியபோது, நாற்பது வருடத்துக்கும் மேலாக அது கூடவே இருந்திருக்கிறது. எதையும் செய்யாமல். கேட்டுக்கொண்டு.

கேட்டுக்கொண்டு இல்லை. அதற்குக் காது கிடையாது. தூக்கம் வராமல் ஏதோ எழுதுகிறேன்.

மார்ச் 19

ஆய்வகத்தை நடத்தும் மேடம் ஒரு மணி நேரம் வந்து போகச் சொன்னார். தையல்காரரின் வைரஸ் கொடுத்த பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று.

ஏறவில்லை. எல்லாம் அடியில், சருகுக்குள், பதுங்கியபடியே செத்துக் கிடந்தன. பக்கத்துப் பெட்டியில் பழைய வைரஸ். அங்கே எல்லாம் உச்சியில். மேடத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று வருட வேலை. ஒரே ஒரு மரபணு.

நான் இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டிலும் செத்துவிட்டன. ஒரு வரிக் குறிப்பை அழித்ததால் எங்கே போய்ச் சாவது என்பது மட்டும் மாறியிருக்கிறது. இத்தனை நாள் 'புழு ஏறுகிறது' என்றுதான் குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வினைக்கு எழுவாய் புழுதானா?

"அக்கா எப்படி இருக்காங்க?" என்றார் தையல்காரர்.

"மருந்து வேலை செய்யுது."

அது உண்மை. அந்த மருந்து ஒரு போலிச் செங்கல். வைரஸ் இருக்கும் செல்லில் வைரஸே அதைத் தட்டி எழுப்பும், பிறகு தன் நகலில் அதை வைத்துக் கட்டும், கட்டிடம் அங்கேயே நின்றுபோகும். நல்ல செல்லில் அது அநேகமாகச் சும்மா கிடக்கும். இவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஒன்றை மனிதர்கள் செய்திருக்கிறார்கள் என்று பெருமையாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இடிந்துபோன சுவரை அது கட்டித் தராது.

மார்ச் 24

கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டே குனிந்தேன்.

"நீங்க ரொம்ப நேரமா நிக்கிறீங்க" என்றாள். "உட்காருங்க."

வராந்தாவில் போய் அழுதேன். அழுது முடித்து உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், பேச்சு ஏறக்குறைய திரும்பிவிட்டது. ஸ்கேன் படத்தில் இரண்டு காதுகளுக்கும் மேலே, உள்ளே, இடம் கறுத்துப் போயிருக்கிறது. பழைய முகங்களும் புது நாட்களும் அங்கேதான் இருக்குமாம். புதிதாக எதையும் பிடித்து வைக்க முடியவில்லை. டாக்டரிடம் கடைசியாகக் கேட்டேன், வைரஸ் போய்விட்டதா என்று. "பெருகறது நின்னுடுச்சு. போறதுன்னு ஒண்ணு இல்லைங்க. மறுபடி படுத்துருச்சு."

வாசலில் அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக, மிக ஒழுங்காக வைத்தாள். சுற்றிப் பார்த்தாள்.

"நல்ல வீடு" என்றாள். "உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கறேன்."

ஏப்ரல் 11

நான் யார் என்று காலையில் சொல்கிறேன். "அப்படியா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறாள். மத்தியானத்துக்குள் போய்விடுகிறது.

தினமும் ஒரே கேள்வி: "நான் இங்க எத்தனை நாள் இருக்கலாம்?"

"எத்தனை நாள் வேணும்னாலும்."

"உங்களுக்குப் பெரிய மனசு."

மே 2

பேருந்து நிலையத்திலிருந்து கூடவே வேலை பார்த்த தோழி வந்தாள். வாயில் முந்தானையை வைத்து அழுதாள். "அதே சிரிப்பு. ஆனா உள்ள யாரோ இருக்காங்கடி" என்று என் காதில் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. யாரும் குடிவரவில்லை. எதுவும் அக்காவுக்குப் பதில் பேசவில்லை. இருந்ததில் கொஞ்சம் எரிந்துபோய், மிச்சம் இருப்பதும் அவள்தான். இதைத் தோழிக்கு விளக்கினேன். விளக்கும்போது என் குரல் ஆய்வகக் கூட்டத்தில் பாடம் எடுப்பது போல இருந்தது.

அவள் போன பிறகு அக்கா கேட்டாள், "அவங்க ஏன் அழுதாங்க? உங்களுக்கு உறவா?"

மே 27

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன்.

இவளோடு இருப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

அக்கா பழத்தை நறுக்கி முதல் துண்டை என் தட்டில் வைக்கிறாள். நான் பேசும்போது நடுவில் கையை உயர்த்துவதில்லை. கொடியில் எந்தப் பக்கம் என் துணி என்று சண்டையில்லை. நேற்று புழு ஏன் ஏறுகிறது என்று கேட்டாள், முழுவதும் கேட்டாள், "பாவம், அதுக்கு ஏறணும்னே தோணியிருக்கும்ல? தானா ஆசைப்பட்டு ஏறறோம்னு நினைச்சிருக்கும்" என்றாள். எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

பழைய அக்கா ஒருநாள் திரும்பி வந்துவிட்டால் இவள் எங்கே போவாள்? ரெண்டு பேரும் வேணும்னு எப்படிக் கேக்கறது? யார்கிட்ட கேக்கறது?

இதென்ன கேள்வி. ஒரே ஆள்தானே.

ஜூன் 14

கட்டுரை அனுப்பியாகிவிட்டது. மேடம் எல்லோருக்கும் தேநீர் வாங்கினார். அடுத்த தொகுதி முட்டைகள் பொரித்துவிட்டன.

ஜூலை 19, சனி

வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததில் அக்காவுக்குக் கால் வீங்கிச் செருப்பு இறுகிவிட்டது. கடைவீதிக்குக் கூட்டிப்போனேன். இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் முறை. கூட்டத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளாகப் பிடித்தாள்.

செருப்புக் கடையில் விற்பனைப் பெண் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். கறுப்பு, காப்பி நிறம். அக்கா ஒரு சிவப்பு ஜோடியைக் காட்டினாள். அவள் வாழ்நாளில் சிவப்பில் எதுவும் போட்டதில்லை.

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டாள், "ஜாடை அப்படியே இருக்கே. இவங்க உங்க தங்கச்சியா?"

காலையில்தான் சொல்லியிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பினாள். நெற்றி சுருங்கியது. என் கண், மூக்கு, காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் எங்கேயும் போய் ஒட்டவில்லை என்பது எனக்கே தெரிந்தது. நானே பதில் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"அது எனக்குத் தெரியலைங்க" என்றாள் அக்கா. என் முழங்கையை விடவில்லை. "ஆனா எனக்கு ரொம்ப வேண்டியவங்க."

சிவப்பையே வாங்கினோம். பழையதைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். புதியதைப் போட்டுக்கொண்டு கடைவாசலில் இரண்டடி முன்னே நடந்து பார்த்தாள். பிறகு நான் வருவதற்காக நின்றாள்.